நாற்பத்தெட்டு விநாடி முகம்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். உங்கள் கம்பெனியிலிருந்து காலை பத்து மணிக்கு ஆள் வரும் என்றார்கள். இப்போது மணி நான்கு இருபது. பரவாயில்லை. வேலைக்கு ஆள் அனுப்புகிற கம்பெனிக்கே ஆள் பற்றாக்குறை போலிருக்கிறது.

எனக்கு ஒரு பணிப்பெண் வேண்டும். எனக்கு மட்டும் இல்லை, இந்த அடுக்ககத்தில் ஐந்து வீடுகளுக்கு. பெருக்கித் துடைக்க வேண்டும், பாத்திரம் தேய்க்க வேண்டும். வயது எதுவானாலும் சரி, ஊர் எதுவானாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை. காது நன்றாகக் கேட்க வேண்டும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். காது கேட்க வேண்டும். பேசுகிறவர் முகத்தைப் பார்க்காத பழக்கமும் இருந்தால் இன்னும் நல்லது.

இந்தப் பொன்மாலை அடுக்ககத்தில் எண்பத்து நான்கு வீடுகள், மூன்று பிளாக். குடியிருப்போர் சங்கத்துக்கு ஆறு வருடமாக நான் செயலாளர். பெயர் கனகசபாபதி. எடையளவுத் துறையில் முப்பத்தோரு வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைக்காரன் தராசுத் தட்டில் சுண்டுவிரலை வைத்தால் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவனை ஒரு சத்தமில்லாத படம் கவிழ்க்கப் பார்க்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சங்கத் தேர்தல். மனுப் போட இன்று மாலை ஐந்து மணி கடைசி. என் மனு தயார், இதோ இருக்கிறது. இதோடு ஒரே ஒரு கடிதம் இணைக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பத்திரம் என் மனைவி புவனா பெயரில் இருக்கிறது. வீட்டுக்கு உரிமையாளர்தான் பதவிக்கு நிற்கலாம். இல்லையென்றால், 'எனக்குப் பதிலாக என் கணவர் நிற்பதற்குச் சம்மதம்' என்று உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். இந்த விதியை எழுதியவனே நான்தான். வேறொருவர் நின்றுவிடக் கூடாது என்று எழுதினேன், அந்தக் கதை இப்போது வேண்டாம். போன மூன்று தேர்தலுக்கும் புவனா தோசை வார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். படித்துக்கூடப் பார்த்ததில்லை. இந்தத் தடவை அந்தக் கடிதம் மூன்று நாளாக அடுப்பு மேடையில் கிடக்கிறது. பறந்துவிடாமல் அதன்மேல் பெருங்காய டப்பாவை வைத்திருக்கிறாள். பத்திரமாகத்தான் இருக்கிறது. கையெழுத்துதான் இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கிருபா. அவள் போய்விட்டால் புவனா பழையபடி ஆகிவிடுவாள், கடிதமும் வந்துவிடும். அதற்குத்தான் உங்களை அவசரமாகக் கூப்பிட்டேன்.

கிருபா யார் என்கிறீர்களா? சொல்கிறேன். சுருக்கமாகத்தான் சொல்வேன். எனக்கு வளவளவென்று பேசுவது பிடிக்காது.

கிருபா இங்கே பதினொரு வருடமாக வேலை செய்கிற பெண். பெரும்பாக்கத்திலிருந்து வருகிறாள். பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் தெளிவாக வராது. அதனாலேயே ஐந்து வீட்டிலும் அவளைப் பிடிக்கும். ஒரு வேலைக்காரி உள்ளே வந்தால் நாம் வாயை மூட வேண்டும், இல்லையா? கிருபா வந்தால் மூட வேண்டாம். அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பாள், நாம் மாமியாரைப் பற்றிப் பேசலாம், மாப்பிள்ளையைப் பற்றிப் பேசலாம், அவளைப் பற்றியேகூடப் பேசலாம். ஒரு மேசை நாற்காலி இருப்பது மாதிரி. அவள் சிறு வயதில் காது கேளாதோர் பள்ளியில் படித்தவள் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று பதினொரு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்திருப்பேன்.

இப்போது படத்துக்கு வருகிறேன். சி பிளாக் நானூற்று மூன்றில் மிருதுளா என்று ஒரு பெண் இருக்கிறாள். படம் எடுக்க அனுமதி வேண்டும் என்று இதே அறைக்கு வந்தாள், கூடவே அவள் அம்மாவும்.

"ஹீரோ யாரும்மா?" என்று கேட்டேன்.

"நகரம்தான் அங்கிள்."

"கதை?"

"காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் நகரம் என்ன செய்யுதோ அதுதான்."

"பாட்டு?"

"இல்ல."

"பேச்சு?"

"அதுவும் இல்ல அங்கிள். சத்தமே கிடையாது. பார்க்கறவங்க பார்க்கணும். அவ்வளவுதான்."

நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். அந்த அம்மா, "வரனைப் பத்திக் கேட்டாலும் இப்படித்தான் சார் பதில் சொல்றா" என்றார்.

சரி, அனுமதி கொடுத்தேன். மூன்று நிபந்தனைகளோடு எழுதிக் கொடுத்தேன். ஒன்று, செடிகளை மிதிக்கக் கூடாது. இரண்டு, லிப்டை நிறுத்தி வைக்கக் கூடாது. மூன்று, படத்தில் சங்கச் செயலாளர் இடம்பெற வேண்டும். பதவிக்கு மரியாதை வேண்டும் அல்லவா? நகரத்தைக் காட்டிவிட்டு அதை நிர்வாகம் செய்கிறவனைக் காட்டாவிட்டால் எப்படி?

என்னை எடுத்தது ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, நம் நுழைவாயிலில். பின்னால் மேம்பாலத்தில் வண்டிகள் போகும். நான் முன்னால் நிற்க வேண்டும். கேமராவை என் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் கொண்டுவந்து வைத்தாள். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். வேட்டி தெரியாது என்றாள்.

"அங்கிள், எதையாவது பேசிக்கிட்டே இருங்க. வாய் அசையணும்."

நான், "அனைவருக்கும் வணக்கம், பொன்மாலை அடுக்ககத்தின் சார்பில்" என்று தொடங்கினேன்.

"மேடையில நிக்கற மாதிரி இருக்கு அங்கிள். மனசுல இருக்கறதைச் சும்மா பேசுங்க. சத்தம் எடுக்கல. யாருக்கும் கேக்காது."

நான் அப்படியே நம்பிவிடுகிற ஆளா? கேமராவைச் சுற்றி வந்து பார்த்தேன். மைக் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவள் சட்டைப் பையைக் காட்டச் சொன்னேன், காட்டினாள். துறையில் முப்பத்தோரு வருடம் இருந்தவன் இல்லையா, முழுச் சோதனை செய்துவிட்டுத்தான் திரும்பி வந்து நின்றேன். மேம்பாலத்து இரைச்சலில் பக்கத்தில் நின்ற காவலாளிக்குக்கூட ஒன்றும் கேட்டிருக்காது. அதற்குப் பிறகுதான் மனசில் இருந்ததைப் பேசினேன்.

உண்மையைச் சொல்கிறேன் தம்பி, சுகமாக இருந்தது. ஆறு வருடமாக எல்லோரையும் பார்த்து 'நல்லது சார்', 'செய்துடலாம் மேடம்' என்று சொல்லிச் சொல்லி உள்ளே நிறையச் சேர்ந்திருந்தது. அந்தப் பெண் போதும் போதும் என்றாள். நான்தான் இன்னும் கொஞ்சம் எடு என்றேன்.

படத்தைச் சுதந்திர தினத்தன்று மாலை நம் கூடத்தில் போட்டார்கள். 'படத்துல இருக்கறவங்க எல்லாரும் முன் வரிசை' என்று மிருதுளா சொல்லிவிட்டாள். முன் வரிசையில் யார் யார் என்றால் காவலாளி, துணி தேய்க்கிறவர், தண்ணீர் லாரி டிரைவர், கிருபா, நான். நான் என் நாற்காலியை அரை அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். தலைவர் டாக்டர் ஜெயசீலனும் பொருளாளர் முத்துக்கருப்பனும் எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள்.

படம் முப்பத்திரண்டு நிமிடம். கைக்கடிகாரத்தில் நேரம் குறித்துக்கொண்டே பார்த்தேன். பால் வண்டி வருகிறது, ஒரு நிமிடம். வேளச்சேரி ரயில் நிலையத்தில் கூட்டம் இறங்குகிறது, யாருக்கும் முகம் இல்லை, செருப்புகள் மட்டும், ஒன்றரை நிமிடம். கம்பெனி வாசலில் அடையாள அட்டைகள் கழுத்துகளில் ஆடுகின்றன. சதுப்பு நிலத்தில் ஒரு கொக்கு நிற்கிறது, பின்னால் குப்பை மலை புகைகிறது. கொக்கு பறக்கப் போகிறது, பறக்கப் போகிறது என்று பார்த்தால் பறக்கவே இல்லை. ஐம்பது விநாடி போச்சு. லாரிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நம் லிப்ட் கதவு மூடுகிறது, திறக்கிறது, மறுபடி மூடுகிறது. பதினான்கு தடவை. இதற்கு எங்கேயோ பரிசு கொடுத்திருக்கிறார்களாம்.

அதைவிடக் கொடுமை, கிருபா படியேறுகிற காட்சி. இரண்டு கையிலும் வாளி. தரைத்தளத்திலிருந்து நான்காவது மாடிவரை ஏறுகிறாள். வெட்டே கிடையாது. இரண்டு நிமிடம் பத்து விநாடி ஒரு ஆள் படியேறுவதைப் பார்க்க வேண்டும். பணிப்பெண்கள் லிப்டில் ஏறக் கூடாது என்று என் பதினேழாம் சுற்றறிக்கையில் தெளிவாக இருக்கிறது. எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ என்று லிப்டில் எழுதியிருக்கிறது. ஆளின் எடை சரி, வாளியின் எடைக்கு யார் பொறுப்பு? அதனால் படி. இதில் படமெடுக்க என்ன இருக்கிறது? கூடத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சலிப்பு என்று நினைத்தேன்.

அடுத்ததாக என் முகம். சுவர் முழுக்க என் முகம். மீசை ஒரு ஆள் நீளம். நாற்பத்தெட்டு விநாடி. கொக்குக்கு ஐம்பது, எனக்கு நாற்பத்தெட்டு, அந்த வருத்தம் இருக்கட்டும். கம்பீரமாகத்தான் இருந்தது. கை தட்டுகிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அப்போதுதான் கிருபா சிரித்தாள்.

அவள் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. காது கேட்காதவர்களுக்குத் தங்கள் சிரிப்பு எவ்வளவு பெரியது என்று தெரியாது போலிருக்கிறது. சத்தமே இல்லாத படம், சத்தமே இல்லாத கூடம், அதில் அவள் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். முத்துக்கருப்பனின் மனைவி வள்ளிமயில் எழுந்து வந்து, என்ன என்று கையால் கேட்டார். கிருபா சுவரைக் காட்டினாள், தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். வள்ளிமயில் தன் போனை அவள் கையில் கொடுத்தார். கிருபா தட்டச்சு செய்தாள். வள்ளிமயில் படித்தார். பிறகு, "மிருதுளா, அந்த இடத்தை மறுபடியும் போடும்மா" என்றார்.

ஐந்து தடவை போட்டார்கள் தம்பி. என் வாய் அசைய அசைய கிருபா தட்டுகிறாள். வள்ளிமயில் மைக்கைப் பிடித்து வாசிக்கிறார். மைக் வாங்கிப் போட்டது நான்.

"'டாக்டர் தலைமேல இருக்கறது டாக்டர் முடி இல்ல. காத்தடிச்சா ஒரு கை தானா மேல போகும், பாருங்க.'"

கூடம் முழுக்க டாக்டரின் கையைப் பார்த்தது. கை மேலேதான் இருந்தது.

"'முத்துக்கருப்பன் கூட்டத்துல தூங்கறதுக்குன்னே கறுப்புக் கண்ணாடி வாங்கி வச்சிருக்கார்.'"

"'பி பிளாக்காரங்க பார்க்கத்தான் படிச்சவங்க. கையைத் தூக்குன்னா தூக்குவாங்க, எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. மூணு தடவை அப்படித்தான் ஜெயிச்சேன். நாலாவது தடவையும் தூக்குவாங்க.'"

இதை வாசித்தபோது பி பிளாக்காரர் ஒருவர், தெரியாமல், பேச அனுமதி கேட்டுக் கையைத் தூக்கினார். பாவம், பக்கத்தில் இருந்தவர் பிடித்து இறக்கினார்.

கடைசியாக, "'எங்க வீட்டு அம்மா பாடினா லிப்ட்கூட ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடும். இருபத்தாறு வருஷமா நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லி என் வாய்க்கே பழகிடுச்சு.'"

புவனா நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போட்டபோது அந்த நாற்காலி காலி.

நீங்களே சொல்லுங்கள் தம்பி. இதில் எந்த வாக்கியம் பொய்? ஒன்று சொல்லுங்கள். டாக்டர் முடியைச் சொல்வீர்களா? உண்மையைச் சொன்னதற்கு ஒருவனைத் தண்டிக்கிறார்கள். அதுவும் நான் சொல்லவே இல்லை, வாயைத்தான் அசைத்தேன்.

மறுநாள் காலைதான் இந்த அடுக்ககத்துக்குப் புத்தி தெளிந்தது. ஐந்து வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே நினைப்பு. என் நாற்பத்தெட்டு விநாடியை உதட்டசைவிலேயே படித்தவள் பதினொரு வருடமாக எதை எதைப் படித்தாளோ என்று. அன்றிலிருந்து பாருங்கள், கிருபா வந்தால் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிறார்கள். டாக்டர் வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் பல்வலி. முத்துக்கருப்பன் தன் மருமகளோடு சண்டை போட வேண்டும் என்றால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று போடுகிறார். மருமகள் இன்னொரு சுவரைப் பார்த்துப் பதில் சொல்கிறாளாம்.

இவ்வளவோடு நின்றால் சரி. மரியாதை வேறு வந்துவிட்டது. பதினொரு வருடமாக ஐந்து வீட்டிலும் அவளுக்கென்று தனி டம்ளர் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். இப்போது கண்ணாடிக் கோப்பையில் காபி, சாசரோடு. உட்கார நாற்காலி. லிப்டில் ஏறு, ஏறு என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். என் சுற்றறிக்கை அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. இந்தப் பெண் மொத்த அடுக்ககத்தையும் மிரட்டி வைத்திருக்கிறாள் தம்பி. இல்லாவிட்டால் இவர்கள் ஏன் மரியாதை கொடுக்கப் போகிறார்கள்?

அவள் என்ன கேட்டாள் என்கிறீர்களா? ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவள் சாமர்த்தியம். நானே நேரில் கேட்டேன். 'உனக்கு எங்களைப் பற்றி என்னென்ன தெரியும்?' என்று பெரிய எழுத்தில் எழுதி நீட்டினேன். அவள் அந்தத் தாளைத் திருப்பி எழுதினாள். 'எல்லா வீட்லயும் ஒரே விஷயம்தான் பேசறீங்க. மொத வருஷத்துக்கு அப்புறம் நான் பார்க்கறதில்ல. எனக்கு வேலை இருக்கு.' பாருங்கள், எவ்வளவு நஞ்சு.

செயற்குழுவைக் கூட்டினேன். ஏழு பேர். அவளை நிறுத்திவிடுவது என்று தீர்மானம் வாசித்தேன். ஏழு தலையும் ஆடியது. சரி, கையெழுத்துப் போடுங்கள் என்று நீட்டினேன். டாக்டர் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து, "நீங்களே போட்டுடுங்க. நான் வெளியூர் போயிருக்கேன்னு வச்சுக்கங்க" என்றார். முத்துக்கருப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசினார்.

"சபாபதி சார், பதினொரு வருஷமா அது எங்க வீட்டுக்கு வருது. எங்க வீட்ல என்ன பேசுவோம்னு உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான்."

"அதுக்குத் தெரியும். அப்புறம் எப்படி நான் கையெழுத்துப் போடறது?"

கோழைகள். ஒருவரும் போடவில்லை. அதனால்தான் நானே உங்கள் கம்பெனிக்குப் போன் செய்தேன். வேறு ஆள் வந்து நின்றுவிட்டால் இவள் தானாகப் போய்விடுவாள்.

புவனாவா? புவனா பேசுவதை நிறுத்தவில்லை. என்னோடு சத்தத்தோடு பேசுவதைத்தான் நிறுத்திவிட்டாள். காபி வைக்கும்போது வாய் அசையும். என்ன என்று கேட்டால் மறுபடி அசையும், அதே மாதிரி. சர்க்கரையா, வேண்டாமா, ஒன்றும் புரியாது. இரண்டு வாரமாக நான் உப்புமாவா பொங்கலா என்று தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கிருபா வந்துவிட்டால் போதும், சமையலறையில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாயை அசைத்துக்கொண்டே இருக்கிறார்கள். மணிக்கணக்கில். சத்தம் கிடையாது. திடீரென்று இருவரும் சிரிப்பார்கள். நான் போய் நின்றால் என்னை ஒரு முறை பார்ப்பார்கள். மறுபடி வாய் அசையும், மறுபடி சிரிப்பு. என் வீட்டில் நான் காது நன்றாகக் கேட்கிற ஆள் தம்பி, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பாட்டும் நின்றுவிட்டது. நிம்மதிதான். விடியற்காலை ஒரு பாட்டுப் பாடுவாள், அதே பாட்டு, அதே இடத்தில் சுருதி விலகும். இப்போது வீட்டில் சத்தமே இல்லை. என்ன, மணி ஆறு ஆனதுதான் தெரிய மாட்டேன் என்கிறது. நேற்று ஏழேகால் வரை படுத்திருந்தேன்.

ஆனால் அவள் கடிதம் கொடுத்துவிடுவாள். எனக்குத் தெரியும். கோபம் என்பது ஒரு அளவுக்குத்தான், அதன்மேல் நிற்காது. அளவு பார்க்கிறவன் சொல்கிறேன். அதோ பாருங்கள், நான் சொன்னேனா இல்லையா? லிப்டிலிருந்து இறங்குகிறாள். அந்தப் பெண்ணும் கூடவே இறங்குகிறாள், பாருங்கள் அந்த அக்கிரமத்தை. சரி, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கையில் காகிதம் இருக்கிறது. மணி நான்கு ஐம்பத்திரண்டு. எட்டு நிமிடம் மிச்சம்.

வா புவனா. இவர் ஏஜென்சியிலிருந்து வந்திருக்கிறார். கொடு.

இது என் கடிதம் இல்லையே.

'செயலாளர் பதவிக்கான வேட்பு மனு. பெயர், புவனேஸ்வரி. வீடு, ஏ இருநூற்று ஆறு. உரிமையாளர்.' உரிமையாளர் என்பதற்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறாள். 'முன்மொழிபவர், வள்ளிமயில் முத்துக்கருப்பன். வழிமொழிபவர், டாக்டர் ஜெயசீலன்.' வெளியூர் போயிருந்த மனிதருக்குக் கையெழுத்துப் போட மட்டும் கை வந்திருக்கிறது. 'வெற்றி பெற்றால் செய்யப்போகும் முதல் வேலை: பதினேழாம் சுற்றறிக்கையைக் கிழிப்பது.' ரத்து செய்வது என்றுதான் எழுத வேண்டும் புவனா. கிழிப்பது என்று ஒரு நடைமுறை கிடையாது.

ஒரு நிமிடம் தம்பி. மனுவை வாங்கி, சரிபார்த்து, நேரம் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் செயலாளர். விதி அப்படி. அதையும் நான்தான் எழுதினேன். தேதி இருக்கிறது. பத்திர நகல் இருக்கிறது. வீட்டு எண் சரி. எழுத்துப்பிழையாவது இருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. பெற்றுக்கொண்ட நேரம், மாலை நான்கு ஐம்பத்து நான்கு. என் கடிகாரம் ஒரு நிமிடம் முந்தி ஓடுகிறது, எனவே நான்கு ஐம்பத்து மூன்று. கனகசபாபதி, செயலாளர். இந்தா.

போய்விட்டாளா?

கதவருகே நின்று ஏதோ சொன்னாளே. எனக்குத்தான் சொன்னாள். நான் குனிந்து முத்திரைப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். நிமிர்வதற்குள் வாய் மூடிவிட்டது. கடிதத்தைப் பற்றி இருக்குமோ? வீட்டுக்கு வந்தால் கொடுக்கிறேன் என்றிருப்பாளோ? மணி இன்னும் ஐந்து ஆகவில்லை. நீங்கள் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பத்துச் சொல்லுக்குமேல் இருக்காது. முழுவதும் வேண்டாம், கடைசியாக என்ன சொன்னாள் என்று மட்டும் சொன்னால் போதும்.

சிரிக்காமல் சொல்லுங்கள் தம்பி.